ஏழாம் நாள் கடல்நீர்

14 மார்ச் 1986, வெள்ளி. பாப்பிரெட்டிப்பட்டி.

அப்பாவுக்கு மருந்து வாங்க அரூர் போய்த் திரும்பினேன். என் கடல்நீர் பாட்டிலைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள் அம்மா.

"வூடெல்லாம் ஒரே நாத்தம் கண்ணு. அப்பாவுக்கு இருமல் நிக்கவே இல்ல. தண்ணி கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டேன்."

கெட வேண்டும் என்றுதான் அதை வைத்திருந்தேன். கடலில் படரும் பாசி சாகும்போது அதைத் தின்னப் பாக்டீரியா பெருகும். ஒரு வகை அடங்கியதும் இன்னொரு வகை தலையெடுக்கும். என் ஆய்வுக்காக அந்த வரிசையைப் பார்க்க, தினமும் ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்து, மேலும் கெடாமல் இருக்க ஃபார்மலின் விட்டு, தேதி ஒட்டி வந்தேன். அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்ததும் பாட்டிலோடு ஊருக்கு வந்துவிட்டேன். நேற்றோடு ஆறு நாள் முடிந்திருந்தது. இன்னும் நான்கு நாள் எடுக்க வேண்டும்.

"முக்கியமானதா கண்ணு?"

"இல்லம்மா. வேற புடிச்சுக்கலாம்."

பிடிக்க முடியாது. நான் நீர் எடுத்த அன்று கடலில் படர்ந்திருந்த பாசி இந்நேரம் கலைந்திருக்கும்.

சாயங்காலம் ஒரு காலிக் குப்பியில் இன்றைய தேதியை ஒட்டினேன். நேற்றைய குப்பியிலிருந்து பாதியை ஊற்றினால் ஆய்வைப் பார்க்கும் என் பேராசிரியருக்குத் தெரியவே தெரியாது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊற்றவில்லை. ஒட்டிய தேதியைக் கிழித்துப் போட்டேன்.

நோட்டில் ஏழாம் நாளுக்கு நேராக, 'மாதிரி இல்லை, நீர் கொட்டப்பட்டது' என்று எழுதினேன். யார் கொட்டினார்கள் என்று எழுதவில்லை. கேட்டால் நான்தான் என்பேன்.