மாலதி இல்லாத தொலைபேசி மேசை

என் செல்லத் தங்கச்சி மாலுவுக்கு,

கோலா கெடா படகுத்துறையில் காலையிலிருந்தே மழை. லங்காவித் தீவுக்குப் போகும் படகுகள் தாமதம் என்றதும் நம் டிக்கெட் அலுவலகத் தொலைபேசியில் எல்லா லைனிலும் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கிவிட்டது. நான் ஒருத்திதான் இருக்கிறேன். உன் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. எடுத்தால்தான் என்ன, உன் நாற்காலியில் இன்னொருத்தி உட்காருவதை எப்படிப் பார்ப்பேன்?

நடுக்கடலில் படகு இன்ஜின் நின்றுபோன நாள் ஞாபகம் வந்தது. நான் பதறி நிற்க, நீ ஒவ்வொரு லைனாக எடுத்தாய். பாலிங் ஊரிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். மகளும் பேரப்பிள்ளையும் அந்தப் படகில். "இன்ஜின்தான்மா நின்னுருக்கு, ஆளுங்க எல்லாம் நல்லா இருக்காங்க. வச்சிடாதீங்க, மத்தவங்களுக்கும் சொல்லிட்டு வந்துர்றேன் லா," என்றாய். அடுத்த லைனில் மலாயில் பேசினாய். சொன்னபடி அந்த அம்மாவிடம் திரும்பியும் போனாய். எல்லாரும் கரை சேர்ந்த பிறகு கழிவறைக்குள் போய் அழுதாய்.

அப்போதே உனக்கு முதுகில் வலி இருந்ததாமே. ஏன்டி என்னிடம் சொல்லவில்லை? டாக்டரிடம் போனபோது நோய் முற்றியிருந்தது.

மருத்துவமனையிலிருந்து உன் கணவர் அழைத்ததும் இதே தொலைபேசியில்தான். "அக்கா, மாலு போயிட்டா." அவ்வளவுதான் சொன்னார்.

பக்கத்து லைன் அடித்துக்கொண்டே இருந்தது. கை தானாகவே எடுத்தது. வழக்கம்போல "செலாமாட் பாகி" என்று காலை வணக்கம் சொன்னேன். உடனே அழுதுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு மலாய்ப் பெண். "காக், கெனாபா?" என்று பதறினாள். அக்கா, என்ன ஆச்சு என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். தங்கை இறந்துவிட்டாள் என்றேன். அவள் டிக்கெட்டைப் பற்றிப் பேசவே இல்லை. பக்கத்தில் யாராவது வரும்வரை போனை வைக்க மாட்டேன் என்றாள். மற்ற லைன்கள் அடித்து அடித்து ஓய்ந்தன. மேலாளர் வந்து ரிசீவரை வாங்கும்வரை அவளும் என்னோடு அழுதுகொண்டிருந்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை, மாலு.

உன் கணவருக்கு ஷிப்டு வேலை. அதனால் உன் மகள் யாழினி இப்போது ஜித்ராவில் என் வீட்டில்தான் இருக்கிறாள். உன்னை மாதிரியே சோற்றில் தயிரை ஊற்றிவிட்டுப் பிசையாமல் சாப்பிடுகிறாள். நேற்று பள்ளி விட்டு வந்ததும் அலுவலகத்துக்கு அழைத்தாள்.

"பெரியம்மா, பிஸியா?"

"இல்லடா, சொல்லு."

"ஒண்ணும் இல்ல. எடுக்குறீங்களான்னு பார்த்தேன்."

வைத்துவிட்டாள். 

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எத்தனை விளக்கு மின்னினாலும், எந்தப் படகு தாமதமானாலும், யாழினி அழைத்தால் எடுப்பேன். அவளை ஒருநாளும் ஹோல்டில் போட மாட்டேன். சத்தியம்டி.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
தேவி அக்கா