ஐந்தாம் மனுதாரர் முடிக்காத பதில்

2007 மார்ச் 14, புதன்கிழமை, காலை பத்து இருபது. அனுப்பிய அறிவிப்புகள் ஐந்து. கையெழுத்தோடு வந்த ஒப்புகை அட்டைகள் நான்கு. ஓர் உறை மட்டும் பிரிக்கப்படாமல் சூலக்கரை ஆட்சியர் அலுவலகத்தில் என் மேசைக்கே திரும்பியிருக்கிறது. அதன் பின்புறம் தபால்காரர் எழுதியிருக்கிறார்: 'பெறுபவர் காலமானார்.'

அக்கா, அது உங்களுக்கு அனுப்பிய உறை. உங்கள் மகளுக்குப் போன் போட்டேன். காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தீர்களாம், நான்காம் நாள் இல்லையாம். மறுவிசாரணைக்கு அனுமதி கிடைத்துவிட்டது, வந்து பேசுங்கள் என்று உறைக்குள் எழுதியிருந்தேன். கோப்பு நகரவில்லை என்று நான் சாக்குச் சொல்லலாம். அது கிடந்த நாட்களில் பாதி என் மேசையில்தான்.

எண்ணெய் கொட்டினால் யார் பொறுப்பு, யாருக்கு இழப்பீடு என்று ஆட்சியர் விசாரிக்கும்போது, அரசுத் தரப்பு வழக்கறிஞராக நின்று பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியத்தை எடுத்து வைப்பது என் வேலை. வேதிப் பொறியியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவன். ஆய்வக அறிக்கை கையில் இருந்தால் ஆள் எதற்கு என்று நினைப்பவன்.

தாயில்பட்டி வளைவில், உலைகளில் எரிக்கும் ஃபர்னஸ் ஆயில் ஏற்றிய லாரி கவிழ்ந்த சாயங்காலத்தை நான் பார்க்கவில்லை. கோப்பில்தான் படித்தேன். பட்டாசு ஆலை வேனிலிருந்து நீங்களும் கூட வேலை பார்த்த பெண்களும் இறங்கியிருக்கிறீர்கள். டிரைவர் ஓடிவிட்டான். ரோடெல்லாம் கறுப்பாக ஓடியிருக்கிறது. உங்கள் கிணற்று மோட்டாரையே போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, ரோட்டைக் கழுவித் தள்ளியிருக்கிறீர்கள். கழுவிய எண்ணெய் பாலத்துக்கு அடியில் இறங்கி, வாய்க்கால் வழியே உங்கள் கிணற்றுக்கே போய்ச் சேர்ந்தது. மற்ற நாலு மனுதாரர்களின் கிணற்றில் லாரியிலிருந்து நேராக இறங்கிய எண்ணெய். உங்கள் கிணற்றில் மட்டும் நீங்கள் தள்ளிவிட்டது.

விசாரணையில் லாரியின் காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் அதைத்தான் பிடித்தார். எண்ணெயைத் தள்ளியது யார் என்று கேட்டார். "நாங்கதான் தள்ளுனோம். ஏன்னா" என்று ஆரம்பித்தீர்கள். நான் எழுந்து குறுக்கே விழுந்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா."

பேசப் பேசக் கேஸ் கெடும் என்று கணக்குப் போட்டேன். என் முறை வந்தபோதும் உங்களைக் கேட்கவில்லை. ஐந்து கிணற்றிலும் இருப்பது அதே லாரி எண்ணெய்தான் என்று படம் போட்டு விளக்கினேன். அதை யாரும் மறுக்கவே இல்லை. நாலு மனு ஏற்கப்பட்டது. உங்கள் மனுவுக்கு எதிரே, 'பாதிப்பு மனுதாரர் தாமே வரவழைத்துக்கொண்டது' என்று தீர்ப்பில் ஒரு வரி.

அன்று பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்ததும் சிரித்தீர்கள். "என்ன தம்பி, எதுத்தாப்ல நின்னவரு எங்க வக்கீலு, நீங்க கம்பெனி வக்கீலுன்னுல்ல நெனச்சேன்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்று தெரியாதா, அந்த எண்ணெய் லேசில் தீப்பிடிக்காது, எதற்காக ஊற்றினீர்கள் என்று கத்தினேன். அத்தனை நாளில் உங்களிடம் அந்தக் கேள்வியை அப்போதுதான் கேட்டேன், அதுவும் திட்டாக.

நீங்கள் கோபப்படவில்லை. ஆலையில் தரையில் வெடிமருந்து சிந்தினால் கை முதலில் வாளியைத்தான் தேடும் என்றீர்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பட்டாசு அறைகள், உள்ளே கடைசி லோடு கட்டிக்கொண்டிருந்த ஆட்கள், வேடிக்கை பார்க்க வாயில் பீடியோடு வந்த ஒருவர். எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"அது தீப் பத்தாதுன்னு படிச்ச உங்களுக்குத் தெரியும் தம்பி. எங்களுக்கு எப்பிடித் தெரியும்? லாரியில எளுதியா போட்டிருந்துச்சு?"

எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. வழக்கே அதுதான். அத்தனை அறிக்கை படித்த நான் அதைப் பஸ் ஸ்டாப்பில் உங்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பஸ் ஏறும்போது சொன்னீர்கள்: "காசு கெடக்கட்டும். நானே கெடுத்துக்கிட்டேன்னு எளுதிட்டாகள்ல, அத மட்டும் அடிக்கச் சொல்லுங்க." செய்கிறேன் என்றேன். ஊரில் உங்களை 'தண்ணி ஊத்துனவ' என்று கேலி பேசியது இன்று உங்கள் மகள் சொல்லித்தான் தெரியும். கிணற்றில் இன்னும் படலம் மிதக்கிறதாம்.

அந்த வரி அடிபடுவதை நீங்கள் பார்க்கப் போவதில்லை. அதை எப்படிச் சரிக்கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் நீங்கள் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. வாதாடும் வழக்கில் நானே சாட்சி சொல்ல முடியாது. ஆகவே:

1. ஞாயிறன்று தாயில்பட்டி. உங்கள் மகளிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதி வாங்குவது.

2. ஐந்தாம் மனுதாரர் இடத்தில் உங்கள் மகள் பெயரைச் சேர்க்க மனு போடுவது. இந்த முறை அதே வாரத்தில்.

3. கவிழ்ந்த லாரியைப் போலீஸார் எடுத்த படங்களை வரவழைப்பது. நாலு பக்கமும் ஓர் எச்சரிக்கை எழுத்துகூட இல்லை என்று காட்டுவது.

4. உங்களோடு குடம் சுமந்த பெண்களை, ஆலை விடும் நேரம் வாசலில் நின்று கண்டுபிடிப்பது. சாட்சிக்கு வரச் சொல்லிக் கேட்பது.

5. அவர்கள் கூண்டில் ஏறியதும், ஏன் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்பது. கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவது.