கடலைக்கு உப்புப் பார்த்தவள்

இன்றைக்குப் பின்னேரம் உன் மகள் வேலி இடைவெளியில், அந்தப் பொட்டுக்குள்ளால் கையை நீட்டினாள். கையில் ஒரு சின்னக் கிண்ணம். அவித்த கொண்டைக்கடலையும் வறுத்த எள்ளும் உள்ளிப்பூடும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்த அந்த மணம்தான் முதலில் வந்தது. "மாமி, நோன்போட வாயில வைக்கேலாது. ஒருக்கா உப்புப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள். நான் விளக்குமாறும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது ஒரு வரி எழுதாதவள், உன்னைப் புத்தளத்தில் அடக்கி இத்தனை வருசத்துக்குப் பிறகு கடிதம் எழுதுகிறேன். வெட்கம் கெட்டவள் என்று நீயே சொல்லிச் சிரித்துக்கொள்.

சண்டை நின்று பாதை திறந்து நீங்கள் திரும்பி வந்த நாள் நினைவிருக்கிறது. முஸ்லிம்கள் என்று ஊரைவிட்டு விரட்டப்பட்டு, பன்னிரண்டு வருசம் புத்தளத்து முகாமில் கிடந்துவிட்டு, பற்றை மூடின உங்கள் வளவைத் தேடித் தண்ணீரூற்று ஊருக்கு வந்தீர்கள். நானோ யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து பக்கத்து வளவில் குடியேறினவள். ஊர் உன்னுடையது, வந்தேறி நான். ஆனால் நீதான் வேலிக்கு அங்கால் நின்று, வரலாமோ என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாய். நான் ஒரு செம்பு தண்ணீர் தந்தேன். அதற்கே உன் கண் கலங்கிவிட்டது. ஒரு செம்புத் தண்ணீருக்கு இவ்வளவு நம்புகிற பெண்ணை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

அந்தக் கடலைச் சாமானை நீ குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன இடத்தில் பழகியிருந்தாய். ஹும்முஸ் என்பாய். எனக்கு அந்தப் பெயர் வாயில் வரவே இல்லை, கொமுசு, கொமுசு என்று சொல்லி உன்னைச் சிரிக்க வைப்பேன். முதல்நாள் அப்பச்சோடா போட்டு ஊறவைத்த கடலையை அடுத்தநாள் தண்ணீருக்குள் வைத்துத் தேய்ப்பாய். தோல் எல்லாம் மிதந்து வரும். "இவ்வளவு மினக்கெட வேணுமோடி?" என்று கேட்டால், "தோல் கிடந்தா நாக்கில தட்டும். அந்த வீட்டு மேடம் ஒரு தோல் கண்டாலும் கோப்பையைத் தள்ளி விட்டிடுவா" என்பாய். இரண்டு விரலால் நசித்தால் வெண்ணெயாகப் போகும்வரை அவிப்பாய். சூடு ஆறுவதற்குள் அம்மியில் இழுப்பாய். வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்து, நல்லெண்ணெய் விட்டு, ஒழுகுகிற பதத்துக்கு அரைப்பாய். பிறகு புளியும் உள்ளியும் போட்டு, அவித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் வெளுக்கும்வரை அகப்பையால் அடிப்பாய். இவ்வளவையும் தண்ணீர்கூடக் குடிக்காமல், நோன்போடு செய்வாய்.

திரும்பி வந்தபிறகு உனக்கு வந்த முதல் நோன்பு அது. இரண்டு நாளைக்கு ஒருக்காவாவது கடலை அரைப்பாய். பின்னேரமானால் வேலிப் பொட்டடிக்கு வருவாய். "நான் வாயில வைக்கேலாது. நீ உப்புப் பாத்துச் சொல்லு" என்று என் உள்ளங்கையில் ஒரு கரண்டி வைப்பாய்.

நான் அதை ஒருநாளும் வாயில் வைக்கவில்லை.

மாமியாரில் பழியைப் போட எனக்கு நல்ல ஆசை. ஆனால் அவ அதற்கு இரண்டு வருசம் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டா. என் மனுசனோ உன் வீட்டில் பிரியாணி என்றால் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஓடிவருகிற ஆள். அருவருத்தது நான்தான். மாட்டிறைச்சி காய்ச்சின சட்டியில்தானே கடலையையும் அவித்திருப்பாய் என்று என் மனம் தானாக முடிவு கட்டிவிட்டது. உன்னிடம் கேட்கவும் இல்லை. கையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், முகத்தைத் திருப்பி, நாக்கால் ஒரு சத்தம் போடுவேன். "சரியா இருக்கு. அளவு" என்பேன். நீ அங்கால் திரும்பினதும் கையை வேலிக் கிளுவை மரத்தில் துடைப்பேன். உன் கையளவு பிழைக்காது. அதனால் என் பொய்யும் மூன்று கிழமை பிழைக்காமல் ஓடியது.

அந்த நாள் வந்தது. உன் புருசனுடைய தமையன் புத்தளத்திலிருந்து வந்திருந்தார். வந்து பார்த்துவிட்டு, தன் குடும்பமும் திரும்பி வருவதா, அங்கேயே இருந்துவிடுவதா என்று முடிவெடுக்கிற நேரம் அவருக்கு. அவர் வந்தால் உனக்கு ஒரு பக்கத்துணை. காலையில் உன் முற்றத்தில் நின்று அவர் கேட்டது எனக்கு வேலிக்கு இங்கால் கேட்டது. "எல்லாம் சரி. நாளைக்கு ஏதும் ஒண்டெண்டா இஞ்ச உங்களுக்கு ஆர் இருக்கினம்?" நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஏன் மச்சான், பக்கத்து வீட்டில ஒருத்தி இருக்கிறாள். நோன்புக்கு எனக்கு உப்புப் பாத்துத் தாறவளே அவள்தான்" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்ல இப்போது நாக்குக் கூசுகிறது. பெருமைப்பட்டேனடி!

பின்னேரம் பெரிய கோப்பையோடு வந்தாய். பதற்றத்தில் அவிக்கும்போதும் உப்புப் போட்டு, அடிக்கும்போதும் போட்டிருக்கிறாய், அது உனக்கே தெரியவில்லை. "இண்டைக்கு வடிவாப் பார். அவருக்கு வாய் கொஞ்சம் கூட, குறை பிடிப்பார்" என்றாய். என் உள்ளங்கையில் கடலை இளஞ்சூடாக இருந்தது. நான் முகத்தைத் திருப்பினேன். சத்தம் போட்டேன். "அளவா இருக்கு. பயப்பிடாமக் கொண்டுபோ."

நோன்பு திறக்க என்னையும் கூப்பிட்டிருந்தாய். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கதிரையில் இருந்தேன். பள்ளிவாசலில் வாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், கஞ்சி, பிறகு உன் கடலை. கரண்டியின் முதுகால் வட்டமாக ஒரு குழி இழுத்து, அதற்குள் நல்லெண்ணெய் விட்டு, மேலே மிளகாய்த்தூள் தூவி, சுடச்சுட ரொட்டியோடு வைத்தாய். தமையன் ஒரு துண்டு பிய்த்துத் தொட்டு வாயில் வைத்தார். மென்றவர் நிறுத்தினார். தண்ணீரை எடுத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தண்ணீரை எடுத்தார்கள்.

"உப்புப் பாக்க ஆள் இருக்கெண்டாய்?" என்றார். கத்தவில்லை. சிரிக்கவும் இல்லை.

நீ என்னைப் பார்க்கவே இல்லை. "அவள் பாத்துச் சரியெண்டுதான் சொன்னவள், மச்சான். பிறகு நான்தான் விசரி, மறந்துபோய் இன்னொருக்காப் போட்டிட்டன்" என்றாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லை, நான் பார்க்கவே இல்லை என்று ஒரு சொல் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாழைப்பழத்தை எடுத்து உரித்தேன்.

அவர் இரண்டு நாளில் புத்தளத்துக்குப் போய்விட்டார். குடும்பம் வரவில்லை. உப்பால்தான் வரவில்லை என்று சொல்ல எனக்குப் பைத்தியமில்லை. காணி, பிள்ளைகளின் படிப்பு, எத்தனையோ இருந்திருக்கும். ஆனாலும் அவர் கேட்ட கேள்விக்கு நீ காட்டின ஒரே ஆள் நான்.

அடுத்தநாள் காலை ஒரு மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு பொட்டடிக்கு வந்தாய். விளிம்பில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருந்தது. "இது உனக்கெண்டு வாங்கின சட்டி. முதல்நாள் தொடக்கம் கடலை இதிலதான் அவிச்சனான். இறைச்சி ஒருநாளும் படேல்ல. அம்மியும் புதுசு" என்றாய். நீ கிளுவை மரத்தைப் பார்த்தாய். "இந்த ஒரு மரத்தில மட்டும் ஏன் இவ்வளவு எறும்பு எண்டு நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தன். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

"எப்ப தொடக்கம் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

"நேற்றுத்தான் நிச்சயமாத் தெரியும்" என்றுவிட்டுப் போனாய்.

கோபித்திருந்தால் நான் காலில் விழுந்தாவது தப்பியிருப்பேன். நீ கோபிக்கவில்லை. பெருநாளுக்கு வட்டிலாப்பம் வந்தது, என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நீ முதல் ஆளாய் நின்றாய், பகிடி விட்டாய், எல்லாம் முந்தின மாதிரித்தான். உப்புப் பார்க்க மட்டும் நீ பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த நோன்பிலும் இல்லை, அதற்கு அடுத்ததிலும் இல்லை. பின்னேரமானால் நான் பொட்டடியில் எதையாவது கூட்டுகிற மாதிரி நிற்பேன். நீ அங்கால் அகப்பையால் அடிக்கிற சத்தம் கேட்கும். மன்னிப்புக் கேட்கிற சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டே நின்று, இருட்டினதும் உள்ளே போவேன்.

பிறகு கலியாணவீடு ஒன்றுக்கென்று புத்தளத்துக்குப் போனாய். போகும்போது வீட்டைப் பூட்டித் திறப்பையும் அந்தச் சட்டியையும் என்னிடம் தந்தாய். பத்து நாளில் வாறன் என்றாய். சண்டை திரும்பத் தொடங்கி, பாதையைப் பூட்டிவிட்டார்கள். கடைசிச் சண்டையில் நாங்கள் வீட்டை விட்டு ஓடினபோது அந்தச் சட்டியும் எங்களோடு வந்தது. தறப்பாள் கூடாரத்துக்குள் அதில்தான் கஞ்சி காய்ச்சினேன். உப்பே கிடைக்காத நாட்கள். உப்பில்லாத கஞ்சியை உன் சட்டியிலிருந்து வழித்து வழித்துக் குடித்தேன், எந்த அருவருப்பும் வரவில்லை. கடைசியில் அதையும் போட்டுவிட்டுத்தான் வந்தோம். சண்டை முடிந்து நாங்கள் வளவுக்குத் திரும்பினோம், நீ வரவில்லை, உன் மகள்தான் உங்கள் வளவில் வந்து குடியேறினாள், இது அவளுக்கு இங்கே முதல் நோன்பு.

இன்றைக்கு உன் மகளின் கிண்ணத்தை வாங்கப் போனபோது அவள் சொன்னாள்: "உம்மா மௌத்தாகிற வரைக்கும் சொல்லுவா மாமி. ஊரில என்ர கடலைக்கு உப்புப் பாத்தவள் அவள்தான் எண்டு."

இவ்வளவு காலமும் அந்தப் பொய்யை நீ எனக்காகச் சுமந்திருக்கிறாய். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "இல்லைப் பிள்ளை. நான் ஒருநாளும் பாக்கேல்ல. பாத்த மாதிரி நடிச்சனான். உன்ர கொம்மாவை எல்லாருக்கும் முன்னால தலைகுனிய வைச்சது நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், எறும்பு வரைக்கும். அவள் கிண்ணத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். உன் முகம்தான் அவளுக்கும், என்ன நினைக்கிறாள் என்று கண்டுபிடிக்க ஏலாது.

"சரி மாமி. இப்ப பாத்துச் சொல்லுங்கோ. நேரம் போகுது" என்றாள்.

உள்ளங்கையை நீட்டினேன். அவள் ஒரு கரண்டி வைத்தாள். முகத்தைத் திருப்பாமல் அவளுக்கு முன்னாலேயே நக்கினேன். இப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா? இவ்வளவு மெத்தென்று, இவ்வளவு புளிப்பாக. ஒரு தோல்கூட நாக்கில் தட்டவில்லை.

"உப்புக் காணாது. இன்னும் ஒரு நுள்ளுப் போடு" என்றேன்.

போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தாள். திரும்பவும் பார்த்தேன். "சரியா இருக்கு. அளவு."

உனக்கு எத்தனை தரம் சொன்ன சொல்லடி அது. வாங்கு சொல்லி முடிந்துவிட்டது, வேலிக்கு அங்கால் கோப்பைச் சத்தம் கேட்கிறது. நான் இன்னும் கையைக் கழுவவில்லை.