நீங்கள் சந்தைக்குப் போயிருக்கிறீர்கள்

வாய் நிறையத் திட்டி, வயிறு நிறையச் சோறு போட்ட என் அத்தைக்கு,

நீங்கள் போய் இன்றோடு ஒரு வருடம். கிணற்றடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீட்டுக்குள் உங்களை நினைத்து அழ முடியாது, உங்கள் படத்தைச் சுவரில் மாட்டவும் முடியாது. உங்கள் மகனைப் பொறுத்தவரை, நீங்கள் செங்கல்பட்டுச் சந்தைக்கு மீன் விற்கப் போயிருக்கிறீர்கள்.

மூளைக் கட்டியை எடுத்து, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து, அவரைப் பிழைக்க வைத்தார்கள். நன்றாக நடக்கிறார், சாப்பிடுகிறார். வலை கிழிந்திருந்தால் கை தானாகத் தைக்கிறது. பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு நடப்பது எதுவும்தான் மனதில் தங்குவதில்லை.

உங்களுக்குக் கொள்ளி வைத்தவரே அவர்தான். மறுநாள் காலையில் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "இன்னாமே, ஆஸ்பத்திரில மறுபடியும் மொட்ட அடிச்சிட்டாங்களா? அம்மா எங்க?" என்று கேட்டார்.

சொன்னேன், அத்தை. மண்ணில் புரண்டு அழுதார். மறுநாளும் கேட்டார், சொன்னேன், அதே அழுகை. எத்தனை முறைதான் அவருக்கு நீங்கள் சாவீர்கள்? அதற்கடுத்த நாள், சந்தை என்று என் வாயில் வந்துவிட்டது. அன்றைக்குச் சிக்கியவள்தான் நான்.

பொழுது சாய்ந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பிவிடுவார். தனியே விட்டால் கடலில் இறங்கிவிடுவாரே என்று நானும் பின்னாலேயே ஓடுவேன். "இவ்ளோ பெரிய ரோடு எப்போ போட்டானுங்க?" என்று தினமும் வாயைப் பிளப்பார். திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸிலிருந்து கூடையோடு யார் இறங்கினாலும் எட்டிப் பார்ப்பார்.

"செத்துப் பொழச்சவன கூட்டியாந்து வெச்சிருக்க. குடுத்து வெச்சவ நீ" என்பார் டீக்கடை அக்கா. சிரித்து வைப்பேன். கோவளத்தில்தான் என் தாய்வீடு. தங்கை கல்யாணத்துக்குக்கூட ஒரு ராத்திரி தங்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நீங்கள் போய்விட்டீர்கள். நான் எங்கே போவேன்?

இன்று காலை உங்கள் தம்பி வந்து நின்றார். "வருசப் படையல மகன்தாம்மா போடணும். எத்தினி நாளிக்கு மறைப்ப? இன்னிக்கி சொல்லிடு."

நானும் சொல்லிவிடுவதென்றுதான் இருந்தேன். பொய் சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துவிட்டது. இலை போட்டு, உங்களுக்குப் பிடித்த சுறாப்புட்டு வைத்து, பெட்டியிலிருந்து படத்தை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால், அவர் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"சுறாப்புட்டு அம்மாவுக்குத்தானமே? யாரும் கைய வைக்காதீங்க. அது வந்து துன்னட்டும்."

உங்கள் தம்பி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் படத்தை முந்தானையில் மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பிற்பகல் வரை அவர் அந்த இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. மகன் கையால்தான் உங்களுக்குப் படையல் நடந்தது. வந்து சாப்பிட்டீர்களா, அத்தை?

சொல்ல மாட்டேன். நான் இருக்கும்வரை நீங்கள் சந்தையில்தான் இருப்பீர்கள். எனக்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியவில்லை. இதோ, சட்டையை மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறார். உங்கள் பஸ் வரும் நேரம்.

தினமும் உங்களுக்காகச் சாலையில் நிற்கும் மருமகள்,
அஞ்சலை