ஆண்டவர் எடுத்துக்கொண்ட பாடு

அக்கா,

இன்று காலை பழைய புத்தகப் பெட்டியைத் திறந்ததும் கருவாட்டு வாசனை எழுந்தது. நீ உன் மீன்கூடையில் போட்டு எடுத்துப் போனாயே, அந்தச் சின்னப் புத்தகம்தான். உன்னை நினைத்து விம்மி அழுதேன் என்று எழுதினால் கடிதத்துக்கு அழகாக இருக்கும். நடந்தது வேறு. வயிறு கலக்கி வேலிக்குப் பின்னால் ஓடினேன். கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதைக் கோட்டைக் காவற்காரன் பார்த்துவிட்டான். மாலைக்குள் பழவேற்காடு முழுக்கத் தெரிந்துவிடும்.

பயம்தான் காரணம். தெற்கேயிருந்து தோணியில் இன்னொரு பெட்டி அச்சுப் புத்தகம் வந்திருக்கிறது. புதிதாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பிள்ளைகள், பதினான்கு பதினைந்து வயது, காத்திருக்கிறார்கள். எதை முதலில் கொடுப்பது என்று சொல்ல நீ இல்லை. ஐப்பசிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

ஒல்லாந்துப் பாதிரியாருக்குத் தமிழ் அரைகுறை. புத்தகம் பொறுக்கும் வேலையை என் தலையில் கட்டினார். நானோ, எழுத்து பெரிதாக இருந்தால் நல்ல புத்தகம் என்று நம்பியவன். கோட்டைக்குப்பத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த, ஓர் எழுத்தும் அறியாத நீதான் புத்தகங்களைக் காதால் பொறுக்கினாய். "வாசி வாத்யாரே" என்று செதில் ஒட்டிய கையைக் கன்னத்தில் வைத்து உட்கார்ந்துவிடுவாய்.

அப்போது புதிதாக ஞானஸ்நானம் பெற்றிருந்த மீனவப் பையன் யாக்கோபுக்கென்று, நரகத்தைப் பற்றிய தடிப் புத்தகத்தை நான் குரலை ஏற்றி இறக்கி ரசித்து வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாய்.

"நம்ம யாக்கோபோட அண்ணன் முகத்துவாரத்துல முழுகிப் போனானே, ஞானஸ்நானம் வாங்காமலே. இதக் கேட்டா இந்தப் புள்ள இன்னா நெனப்பான்?"

புத்தகத்தை மூடினேன்.

"பயமுறுத்துற புத்தகம் வேணாம். பயந்தவங்களப் பத்தி இருந்தா குடு. ஆண்டவரோட படகுல கூடப் போனவங்களே அலயப் பாத்து அலறினாங்கன்னு வாசிச்சியே, அதக் குடு."

நீ இரண்டு நாள் பொன்னேரிச் சந்தைக்குப் போன சமயம் எனக்குத் துணிச்சல் வந்தது. நானாகவே ஒன்றைப் பொறுக்கி யாக்கோபின் கையில் கொடுத்தேன். ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைப் பற்றியது. மெல்லிய புத்தகம், பெரிய எழுத்து.

ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வதற்கும் நம் குப்பங்களில் பாடு என்றுதான் பெயர். பாடு போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இங்கேயே பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். புத்தகத்தில் பார்த்தபோது மட்டும் தெரியவில்லை.

மறுநாள் அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போடக் குப்பமே கூடியிருந்தது. மகன் வேதத்தில் சேர்ந்துவிட்டதால் யாக்கோபின் அப்பாவுக்கு இனிப் பாடு உண்டா என்று ஏற்கெனவே முணுமுணுப்பு. அந்த நேரம் பார்த்துப் பையன் எழுந்து, "கவலப்படாத நைனா. நம்ம பாடு எல்லாத்தயும் ஆண்டவரே எடுத்துக்கினாராம். புத்தகத்துல அச்சுப் போட்டிருக்கு" என்றானாம்.

ஆண்டவர் என்றால் ஆள்கிறவர்தானே; அவர்கள் நினைத்தது கோட்டைத் துரையை. துரை ஏரியை எடுத்துக்கொண்டார், அதுவும் அச்சில்!

துடுப்பும் மூங்கில் கழியுமாக முப்பது பேர் என்னைத் தேடி வந்தார்கள். நான் உன் வீட்டுக் கொல்லையில் கவிழ்த்த கூடைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். சந்தையிலிருந்து வந்த நீ என் குடுமியைப் பிடித்து வெளியே இழுத்தாய். யாக்கோபின் அப்பா கூட்டத்தின் நடுவில் தலை குனிந்து நின்றார். "துரையோட ஆளுக்கு இங்க சீட்டு கெடயாது" என்றார் ஊர்த் தலைவரான நாட்டார்.

யாக்கோபிடமிருந்து வாங்கிக் கூடையில் போட்டிருந்த புத்தகத்தை எடுத்து நீட்டி, "வாசி" என்றாய். வாசித்தேன். நம் பாடுகளை ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்ற வரி வந்ததும் கழிகள் உயர்ந்தன.

"கேட்டீங்களா? அவன் வாயாலயே வந்துச்சு!" என்றார் நாட்டார்.

"இது வல கட்டுற பாடு இல்ல நாட்டாரே, படுற பாடு. வூட்டுல பொஞ்சாதிகிட்ட தெனம் படுறீங்களே, அந்தப் பாடு. அதத்தான் அவரு எடுத்துக்கினாராம்" என்றாய் நீ.

கழிகள் இறங்கவில்லை. என் உயிர் அதற்குள் முகத்துவாரம் வரை போய்வந்தது. பின்னாலிருந்து நாட்டாரின் மனைவி குரல் கொடுத்தாள்: "எடுத்துக்கட்டுமே! யாரு வேணாம்னது?"

சிரித்தார்கள். ஆனால் நாட்டார் லேசில் விடவில்லை. "அந்தப் பாடு வேறு, ஏரிப் பாடு வேறு" என்று என்னிடம் ஓலையில் எழுதி வாங்கிக்கொண்டார். என் எழுத்து இறால் துள்ளியதுபோல் இருந்தது. அதன் பிறகுதான் யாக்கோபின் அப்பா பெயருக்குச் சீட்டு விழுந்தது.

அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தையும் உன் காதால் கேட்டுப் பார்க்கிறேன். இன்று வந்த பெட்டியில் மேலே இருந்ததைப் பிரித்தேன். மீன் பிடித்தவர்களை ஆண்டவர் ஆள் பிடிக்கிறவர்கள் ஆக்கினார் என்றிருந்தது. இந்தக் கரையில் ஆள் பிடிக்கிறவன் என்றால் யார்? பஞ்ச காலத்தில் சோறு காட்டி அழைத்துப்போய்க் கப்பலேற்றி விற்கிறவன். காத்திருக்கும் அந்த ஐந்து பேரில் ஒருத்தியின் அம்மா அப்படிப் போனவள்தான். அதை அடியில் போட்டுவிட்டு, படகில் அலறியவர்களின் கதையை எடுத்து வைத்திருக்கிறேன். சரியா என்று கேட்கத்தான் ஆளில்லை.

உன்னிடம் கடைசிவரை சொல்லாத ஒன்று உண்டு. யாக்கோபுக்கு அப்போது எழுத்துக் கூட்டவே தெரியாது. அந்தப் புத்தகத்தை அவன் பிரித்ததுகூட இல்லை. கொடுக்கும்போது நானே அந்த வரியைக் குரலை ஏற்றி இறக்கி வாசித்துக் காட்டியிருந்தேன்.