தமிழ்ல சொல்லு, இல்லேன்னா சொல்லாத

என் செல்ல அப்பாவுக்கு,

இன்றைக்கு உங்களோடு சண்டை போடத்தான் உட்கார்ந்திருக்கிறேன். செத்தவர்களோடு என்னடி சண்டை என்று அம்மா கேட்கிறாள். உயிரோடு இருந்தபோது எங்கே போட விட்டீர்கள்? வாயைத் திறக்கும்போதே கையை உயர்த்திவிடுவீர்கள். இப்போது உயர்த்த முடியாதல்லவா, கேளுங்கள்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. உங்கள் மாப்பிள்ளைக்கு இன்னும் அசாமில்தான் போஸ்டிங். அதனால் ஜனக்புரி வீட்டில் அம்மாவோடுதான் நான் இருக்கிறேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்து வந்துவிடுவான். இப்போது வருவதில்லை. நான் போன் செய்தால் எடுப்பதும் இல்லை. எல்லாம் உங்கள் முதல் தெவசத்தன்று நடந்த சண்டையால் வந்தது.

உங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வாசல் தாண்டி உள்ளே வந்தால் தமிழ் மட்டும்தான். தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் இந்தியில் அடிபட்டு வந்த நானும் அண்ணனும் வீட்டில் தமிழில்தான் அழ வேண்டும். வாய் தவறி ஒரு ‘அச்சா’ வந்துவிட்டால் போதும். “தமிழ்ல சொல்லு, இல்லேன்னா சொல்லாத” என்பீர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்து டெல்லியில் குடும்பம் நடத்தியவருக்கு அந்தப் பயம் நியாயம்தான். பக்கத்து பிளாக்கில் நம்மூர்ப் பிள்ளைகளே ஊரிலிருந்து வரும் போனுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் முழித்ததைப் பார்த்தவர் நீங்கள். இந்தக் கடிதத்தை என்னால் தமிழில் எழுத முடிகிறது என்றால் அதுவும் உங்கள் சட்டத்தால்தான். நான் நன்றி கெட்டவள் இல்லை.

ஆனால் யாழினி? பெயர் வைத்தது நீங்கள். டெல்லியில் ஒரு வாத்தியாருக்கும் அந்த ழகரம் வாயில் நுழையவில்லை என்பதில் உங்களுக்கு எவ்வளவு பெருமை! என் மகளோ தன் அப்பாவின் வேலையோடு ஊர் ஊராக மாற்றலாகிப் போன பிள்ளை. அவளிடம் இருந்த தமிழ் எவ்வளவு என்று என்றைக்காவது யோசித்தீர்களா? ‘நல்லா இருக்கேன் தாத்தா. சாப்ட்டேன் தாத்தா. நல்லா படிக்கேன் தாத்தா.’ நல்ல சேதி சொல்ல மட்டுமே போதுமான தமிழ் அது.

அவளை நுழைவுத் தேர்வுக்காக ராஜஸ்தானில் கோச்சிங் ஹாஸ்டலில் சேர்த்தபோது நீங்கள் இருந்தீர்கள். சாயங்காலம் அவள் போன் வரும், ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பீர்கள். “தாத்தா, யஹாங் பே...” என்று அவள் ஆரம்பிப்பாள். இங்கே என்று அர்த்தம், அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறாள். “ஏட்டி, தமிழ்ல சொல்லுட்டி” என்பீர்கள். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. பிறகு, “நல்லா இருக்கேன் தாத்தா.” போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பீர்கள். “பாத்தியா, பேத்தி என்னமா பேசுதா!”

தமிழில் சொல், இல்லையென்றால் சொல்லாதே. நீங்கள் கொடுத்த இரண்டில் பிள்ளை இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். நீங்கள் போன பிறகும், உங்கள் நினைவாக என்று சொல்லிக்கொண்டு, அண்ணன் அந்தச் சட்டத்துக்குக் காவல் இருந்தான்.

இதற்கு நடுவில் பேங்கில் எனக்கு ஒரு டிரெய்னிங் வந்தது. எதற்குத் தெரியுமா? காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று! சிரிக்காதீர்கள். கண்ணைப் பாருங்கள், தலையை ஆட்டுங்கள், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார் கோட்டு போட்ட ஒரு ஆசாமி. காலையெல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம். மத்தியானம் ஒரு பயிற்சி. இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல, மற்றவர் புத்தியும் சொல்லக்கூடாது, ஆறுதலும் சொல்லக்கூடாது. அவர் நிறுத்தினாலும் உடனே வாயைத் திறக்கக்கூடாது.

என் எதிரே கேஷ் கவுன்ட்டர் சுனிதா. மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டால் எனக்குப் பாதிதான் தெரியும். மீதி நேரம் அவளுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா என்று ஆகிவிட்டது. அப்பா, நம் வீட்டில் ஒருத்தருக்கும் இது தெரியாது. நாம் எல்லோரும் நன்றாகப் பேசுகிற குடும்பம்.

தெவசத்துக்கு யாழினி வந்திருந்தாள். மறுநாள் அவளுக்கு வண்டி. படையல் போட்டு, காக்காய்க்கு வைத்துவிட்டு, இலை போட்டு உட்கார்ந்தோம். அண்ணன் பருப்பைப் பிசைந்துகொண்டே, “நாளைக்கி வண்டி எத்தன மணிக்குட்டி?” என்று கேட்டான். அவள் இலையைப் பார்த்தபடி சொன்னாள்: “மாமா, முஜே வாபஸ் நஹீ ஜானா.”

திரும்பிப் போக மாட்டேன் என்கிறாள் பிள்ளை. அண்ணனுக்கு இந்தி தெரியாதா என்ன? ஏர்போர்ட்டில் நாள் முழுக்க அதைத்தானே பேசுகிறான். இருந்தும் உங்களை மாதிரியே கையை உயர்த்தினான். “தமிழ்ல சொல்லு. தாத்தா தெவசம் இன்னைக்கி.” அவள் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம்!

“இந்தியிலயே சொல்லு யாழினி. முழுசும் சொல்லு. யாரும் குறுக்க பேச மாட்டாங்க” என்றேன்.

“என்னட்டி பேசுத? அப்பா போட்ட சட்டத்த அப்பா படத்துக்கு முன்னாலயே ஒடைக்கியா?” என்றான் அண்ணன்.

“ஆமா, ஒடைக்கேன். பிள்ளைக்கிப் பொறவுதான் சட்டம்.”

அவள் பேசினாள். தினமும் பரீட்சை, மார்க்கை வைத்து உட்காரும் இடம், கூட இருந்த பெண் ஒருநாள் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டது, சாப்பாடு இறங்காதது, எல்லாம் இந்தியில் மளமளவென்று வந்தது. “எல்லாப் பிள்ளைக்கும் மொதல்ல அப்படித்தான்...” என்று அண்ணன் தொடங்கினான். “அண்ணே, அவ இன்னும் முடிக்கல” என்றேன். முறைத்தான். முறைக்கட்டும்.

அவள் நிறுத்தினாள். ‘சரிடா கண்ணு, அம்மா பாத்துக்கறேன்’ என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள். “மா, கம்ரே கே பங்கே மே ஸ்ப்ரிங் லகா ஹை. பதா ஹை க்யோங்?”

அவள் அறையின் மின்விசிறியில் ஸ்ப்ரிங் வைத்திருக்கிறார்களாம். எதற்கென்று தெரியுமா என்று என்னைக் கேட்கிறாள். பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்ளாமல் இருக்க அப்பா. அதைப் பார்த்துக்கொண்டேதான் இத்தனை நாளும் படுத்திருந்தாளாம், சில நாள் அதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லையாம். நான் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு வெளியே வந்திருக்குமா? அவளை வண்டி ஏற்றியிருப்போம்.

அம்மா எச்சில் கையோடு எழுந்துபோய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “போவாண்டாம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அண்ணன் பாயசத்தைத் தொடவில்லை. செருப்பை மாட்டும்போது, “படிப்பும் போச்சு, தமிழும் போச்சு. அப்பா இருந்தா இதுக்கு விட்டிருப்பாவளா?” என்று கேட்டுவிட்டுப் போனான். கெட்டவன் இல்லை அவன், உங்களை விட்டுக்கொடுக்கத் தெரியாதவன். ஆனால் அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விட்டிருப்பீர்களா?

உங்கள் காரியத்துக்கு நீங்கள் வேலை பார்த்த லோதி ரோடு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மகனைப் பறிகொடுத்த மனுஷர். அந்த நாட்களில் நீங்கள் அவரோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து, பஸ்ஸை விட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை நின்றீர்களாம். உங்கள் அப்பா காது கொடுத்துக் கேட்பார் மகளே, அவரைப் போல் யாரும் கேட்டதில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் உங்களிடம் எந்த பாஷையில் அழுதார் அப்பா? இந்தியில்தானே? ஊரார் துக்கத்துக்குக் காதையும் வீட்டுப் பிள்ளைக்குச் சட்டத்தையும் வைத்திருந்தீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

இப்போது யாழினி இங்கேதான் இருக்கிறாள். ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன். சாப்பாடு இறங்குகிறது, தூங்குகிறாள். இனிமேல் என்ன படிப்பாள் என்று கேட்பவர்களுக்கு, இன்னும் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறேன். பிள்ளைக்குத் தமிழ் தானாக வந்துவிட்டது என்று எழுதினால் உங்களுக்கு இனிக்கும். வரவில்லை அப்பா. சாப்பிடும்போதும் இந்திதான், சண்டைக்கும் இந்திதான். உயிரோடு என் எதிரே உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுகிறாள். எனக்கு அது போதும். தமிழை நான் அவளிடம் பேசிக்கொண்டே இருப்பேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இந்த வீட்டில் இனி யார் எந்த பாஷையில் தொடங்கினாலும் முடிக்கிற வரைக்கும் குறுக்கே ஒரு வார்த்தை விழாது. அண்ணன் கோபித்துக்கொண்டு வராமலே இருந்தாலும் சரி. நீங்களே படத்திலிருந்து இறங்கி வந்து கையை உயர்த்தினாலும் சரி. “பொறுங்கப்பா, பிள்ளை இன்னும் முடிக்கல” என்று சொல்லி, அந்தக் கையைப் பிடித்து உங்களையும் அவள் பக்கத்தில் உட்கார வைப்பேன்.

உங்கள் சட்டத்தை உடைத்த,
உங்கள் தமிழில் அதைச் சொல்லத் தெரிந்த,
உங்கள் மகள்
செல்வி