அம்மாவின் கண்ணுக்குள் பார்த்தது

குட்மேய்ஸ், லண்டன்
1.10.2006

அன்பு மகள் கஜந்தினிக்கு அப்பா எழுதுவது,

எழுத்துகள் ஏறியும் இறங்கியும் கிடப்பதைப் பொறுத்துக்கொள் பிள்ளை, கை இன்னும் சொன்னபடி திரும்பவில்லை, இந்தப் பக்கம் முடிவதற்குள் தேத்தண்ணீர் ஆறிப்போகும். நாங்கள் இருவரும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் மெல்பேர்ணில் சுகமென்றே நம்புகிறேன். முதியோர் தமிழ் வகுப்பில் இதுவரை பெயரும் விலாசமும்தான் எழுதினேன், முழுக் கடிதம் என்று எழுதுவது இதுதான் முதல். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் அம்மா பக்கத்திலேயே நிற்பார், அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று போன திங்கட்கிழமை கண்ணாடி மாற்றப் போனோம். அங்கே கண் பார்ப்பவர் டொலறஸ் என்ற மன்னார்ப் பிள்ளை. ஒரு மெஷினால் அம்மாவுடைய கண்ணின் பின்பக்கத்தைப் படம் எடுத்தார். அதை நீ பார்த்திருக்க வேண்டும்! செம்மஞ்சள் வட்டம், அதற்குள் இலை நரம்பு போலச் சிவப்பாக ஓடி ஓடிப் பிரிகிறது. எல்லாம் இரத்தக் குழாய்களாம். உடம்பை வெட்டாமல் இரத்தக் குழாயைப் பார்க்க ஏலுமான இடம் கண் ஒண்டுதான் ஐயா என்றார். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்தும் இவருக்குள் இப்படி ஓடுவது எனக்குத் தெரியாதே. வாயைப் பிளந்துகொண்டு பார்க்க இதென்ன படமே ஓடுது என்று அம்மா ஏசினார்.

டொலறஸ் சிரிக்கவில்லை. சில குழாய்கள் ஒடுங்கியிருக்கின்றன, ஒன்றை ஒன்று கடக்கும் இடத்தில் தடித்தது மற்றதை நெரிக்கிறது என்று விரலால் காட்டினார். கன காலமாய்ப் பிறசர் கூடி நிண்டால்தான் இப்படி வரும், கண்ணில ஒடுங்கினது இருதயத்திலயும் ஒடுங்கியிருக்கலாம் என்றார். ஒடுங்கிய குழாய்களுக்குள்ளால் இரத்தத்தைத் தள்ள இருதயம் கூடப் பாடுபடுமாம், பாடுபட்டுச் சுவர் தடித்து ஒரு நாள் களைத்துவிடுமாம். ஆனால் எங்கள் டொக்டர் ஒவ்வொரு முறையும் பிறசர் சரி என்றுதானே சொல்கிறார், அது எப்படி? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். அம்மாவுக்குச் செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், சஷ்டி, பௌர்ணமி, விளக்கு வைக்கும்வரை பச்சைத் தண்ணீரும் படாது, பிறசருக்கு டொக்டர் தந்த குளிசையும் படாது. டொக்டரிடம் போகிற கிழமையில் மட்டும் பேச்சு விழுமென்ற பயத்தில் குளிசை தவறாது. டொக்டரை ஏமாற்றலாம், கண்ணை ஏமாற்ற முடியவில்லை.

கேட்டால், தலையிடி இல்லை, மயக்கம் இல்லை, பிறகேன் குளிசை என்கிறார். டொலறஸ் சொன்னதைச் சொன்னால், அது கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளை, அவவுக்கு எங்கட விரதம் தெரியுமோ என்கிறார். கோயில் ஐயரிடமே கூட்டிப் போனேன். மருந்துக்குக் குற்றமில்லை அம்மா, ஒரு மிடறு தண்ணியோட போடுங்கோ என்றார் அவர். வெளியே வந்ததும் அம்மா, ஐயருக்கும் பிறசர் போலை கிடக்கு என்றாரே பார்க்கலாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

இந்த மாதம் கந்தசஷ்டி. ஆறு நாளும் குளிசை இல்லாமல் பிடிக்கப் போகிறார். உனக்கு ஒரு பிள்ளை கிடைக்க வேண்டுமென்றுதான். கண் படத்தின் விவரம் கேட்டு இருதயத்தை ஸ்கான் செய்ய டொக்டர் எழுதிக் கொடுத்தார், அதற்கு இன்னும் நாள் வரவில்லை. பிள்ளை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ எனக்குக் குறையில்லாத மகள், இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, எழுத வருகிறது. நீ அம்மாவுக்குப் போன் எடு. எனக்காகப் பிடிக்கிற விரதமெண்டால் நான் சொல்லுறபடி பிடியுங்கோ, விடிய எழும்பிக் குளிசையைப் போட்டிட்டு இருங்கோ என்று சொல். ஐயரை மறுத்தார், என்னை மறுத்தார், யாருக்காகப் பட்டினி கிடக்கிறாரோ அவளை மறுக்கமாட்டார். நீயும் அங்கே கண்ணைக் காட்டு, உன் குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்று அறிய எனக்கு ஆசை.

அடுப்படியிலிருந்து, என்னப்பா உயிலோ எழுதுறியள் என்று குரல் வருகிறது. வகுப்பு வேலை என்று சொல்லியிருக்கிறேன். முருகன் உங்கள் இருவருக்கும் துணையிருப்பான். சஷ்டி தொடங்குமுன் போன் எடுக்க மறவாதே. அடுத்த கிழமையும் பேனா பிடிப்பேன், நல்ல செய்தி எழுத வைப்பது உன் கையில்.

உன் அப்பா,
தில்லையம்பலம்